கட்டையின் அடியில் எழுதிய சொல்

ஆலங்கரைக்கு முதல் பஸ்ஸில் இரண்டு கைகள் வந்து இறங்கிய காலையில் எங்கள் ஊரில் எழுந்த முதல் வழக்கு, அவற்றின் உடம்பு எங்கே என்பது அல்ல, அவற்றுக்கு டிக்கெட் ஒன்றா இரண்டா என்பதுதான். மணிக்கட்டோடு முடிந்துபோன இரண்டு கைகள், கறுத்து, உள்ளங்கை காய்த்து, வலது பெருவிரலின் அடியில் பழைய தீக்காயத் தழும்போடு, ஜன்னலோரச் சீட்டில் ஒன்றின்மேல் ஒன்று படுத்தபடி தொந்தரவில்லாமல் வந்தன என்றும், செருப்பை ஜோடியாக எண்ணுவதுபோல ஜோடிக்கு ஒரு டிக்கெட் கிழித்தேன் என்றும் கண்டக்டர் சொன்னார். "ஆளே இல்லாததுக்கு எதுக்குய்யா டிக்கெட்டு? லக்கேஜ்தானே போட்டிருக்கணும்?" என்றார் டீக்கடை சண்முகவேல் அண்ணாச்சி. இந்தப் பேச்சு முடிவதற்குள் கைகள் விரல்களால் நடந்து கடைவீதியைத் தாண்டிவிட்டன. ஒரு நாய் மோந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச தூரம் கூடவே போயிற்று. பூக்கட்டுகிறவள் இடது மணிக்கட்டில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றிவிட்டாள். வெயில் ஏறுவதற்குள் அவை எங்கள் ஊர்க் கைகள் ஆகிவிட்டன.

எங்கள் வாடகை சைக்கிள் கடை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்தது. கடை என் பெயரில் இருந்தாலும் அதன் வாய் என் மனைவி மங்கையர்க்கரசியினுடையது. ஒவ்வொரு சைக்கிளின் ஹேண்டில்பாரிலும் அவள் ஒரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். "இடது பிரேக் மட்டும் பிடிக்கும், மலைக்கோயில் இறக்கத்துக்கு எடுக்காதே." "செயின் கழலும், வேட்டி கட்டியவருக்கு ஆகாது." "பின் சக்கரத்தில் காற்று இறங்கும், அடித்துவிட்டுக் கொடு." வாடகைக்கு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். காலையில் கண் விழித்து வந்ததும் இப்படியா அபசகுனமாக எழுதிவைப்பது என்பார்கள். "நல்லதை மட்டும் எழுதினா முட்டியைப் பேத்துக்கிட்டு எங்கிட்டதானே வந்து நிப்பீங்க" என்பாள் மங்கை.

அந்த அட்டைகளில் ஒன்றைத்தான் வலது கை தடவிப் பார்த்தது. விரல் நுனிகளால் எழுத்து எழுத்தாகத் தடவிக் கடைசி எழுத்துவரை போனது, கொஞ்சம் நின்றது, பிறகு இடது கையைத் தட்டிக் கூப்பிட்டது. இரண்டும் பம்பைத் தேடிப் பிடித்துப் பின் சக்கரம் கல்லாகும்வரை காற்று அடித்தன. நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டேன். மங்கை பதறவில்லை. "படிச்ச கைதான்" என்று சொல்லிவிட்டு, விளக்குமாற்றில் ஒரு அட்டையைக் கட்டி, கடைவாசலைப் பெருக்குவது என்று எழுதினாள். கைகள் பெருக்கின. அவள் வேறொரு வேலையைப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பி வந்தபோதும் பெருக்கிக்கொண்டேயிருந்தன. மண் போய்ச் சிமெண்டு தெரிந்து, சிமெண்டும் தேயத் தொடங்கியிருந்தது. அவள் அட்டையை வாங்கி, "குப்பை போனதும் விட்டுவிடு" என்று சேர்த்தாள். விட்டுவிட்டன.

இப்படித்தான் ஊர் அவற்றின் குணத்தைத் தெரிந்துகொண்டது. அட்டை இல்லாத பொருளை அவை தொடமாட்டா. எழுதியதை ஒரு பிசகும் இல்லாமல் செய்யும். எழுதாததை அவை அறியா. கண்ணும் இல்லை, காதும் இல்லை, விரல் நுனி மட்டும்தான். ஆனால் பலமோ ஏழெட்டுப் பேர் பலம், களைப்பு என்பது கிடையாது. ஊர் முழுக்க அட்டை கட்டத் தொடங்கியது. நெல் குத்துகிறவர்கள் உலக்கைக்குக் கட்டினார்கள், வண்ணார்த்துறையில் கொடிக்கயிற்றுக்குக் கட்டினார்கள், சண்முகவேல் அண்ணாச்சி தம் ஆட்டுக்குக் கட்டினார். கொடிக்கயிற்றில் 'துணி போடுவது' என்று மட்டும் இருந்ததால் காய்ந்த துணியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை அங்கேயே நின்றன. ஆட்டின் கழுத்தில் 'பால் கறப்பது' என்று இருந்ததால் கறக்கப் போயின; அண்ணாச்சி அட்டையைக் கட்டியது கிடாய்க்கு. அது அவிழ்த்துக்கொண்டு ஓடியதில் கண்ணாடி கிளாஸ்கள் எல்லாம் போயின.

"என்ன தங்கச்சி, உன் கைகளுக்குக் கூறே கிடையாதா?" என்று அவர் வந்து நின்றார்.

"கிடாயில பால் வராதுன்னு எழுதினீங்களா அண்ணாச்சி?"

"அதைப் போய் யாராவது எழுதுவாகளா?"

"நமக்குத் தெரியும், எழுத வேண்டாம். அதுக்குத் தெரியாதே" என்றாள் மங்கை.

எங்கள் ஊருக்கு ஒரு தேர் உண்டு. ஆலங்கரையில் பிறந்தவன் எந்த ஊரில் பிழைத்தாலும் பங்குனியில் வந்து வடம் பிடிக்காமல் இருக்கமாட்டான் என்று சொல்லும்படியான தேர். ஊரில் உள்ள எந்த மாடியைவிடவும் உயரம், அசைந்தால் கடைவீதிக் கண்ணாடிகள் எல்லாம் அதிரும். அதை இழுப்பதற்கு ஆயிரம் பேர் வருவார்கள். அதை நிறுத்துவதற்கும் திருப்புவதற்கும் ஒரு குடும்பம்தான். ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால் பாய்ந்து கட்டையைப் போட்டுவிட்டுக் கையை உருவிக்கொள்ளும் வேலை அது. அந்தக் குடும்பம் என் மனைவியின் குடும்பம். அவளுடைய தாத்தா சக்கரத்தடியில் போனார். அவளுடைய அப்பாவும், அவள் மாலையும் கழுத்துமாக எதிர்த்த வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தெற்குத் தெரு இறக்கத்தில் போனார். ஊர் அதை இறந்தார் என்று சொல்லாது, சாமியோடு போனார் என்று சொல்லும். முதல் மாலை, முதல் பரிவட்டம் எல்லாம் அந்த வீட்டுக்குத்தான். இப்போது கட்டை அவளுடைய ஒரே தம்பி உடையப்பன் கைக்கு வந்திருந்தது. பெண் பார்த்து வைத்திருந்தார்கள். "மாலை எல்லாம் எனக்கு வேண்டாம், தம்பி வேணும்" என்று மங்கை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை. பேசாவிட்டால் அவள் முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

கட்டையைக் கைகள் போடட்டும் என்று அவள் தேர்க் கமிட்டியில் போய்க் கேட்டாள். தர்மகர்த்தா சபாநாயகம் ஐயா ரைஸ் மில் வைத்திருந்தவர், நல்ல மனிதர், தேர்ச்சக்கரத்தடியில் போன இரண்டு பேரையும் சுமந்தவர். அவர் கொஞ்சமும் மறுக்கவில்லை. வேறு ஊர்க்காரனாக இருந்தால் யோசிக்கலாம், வேறு ஊர்க் கைகள்தானே, அதுவும் பூக்கட்டுகிறவள் பூ வைத்த கைகள் என்று சொல்லி ஒப்புக்கொண்டார். உடையப்பன் முறைப்படி தேருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து துண்டை வீசிச் சைகை காட்டினால் போதும், கட்டை கைகளுடையது என்று முடிவாயிற்று. அட்டைகளைக் கமிட்டியே எழுதிக் கட்டிவிடும், அது கோயில் காரியம் என்றும் சொல்லிவிட்டார்.

பிசகு அங்கேதான் நடந்தது, அது எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிசகு. கொடி ஏறிய நாள்முதல் தேர் நிலைக்கு வந்து சேரும்வரை ஆலங்கரையில் யாரும் 'நிறுத்து' என்று சொல்லமாட்டார்கள். சாய்தல், விழுதல், கூடாது, வேண்டாம், எதுவும் வாயில் வராது. சாமி கேட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுவார் என்று ஒரு பயம். பஸ்ஸில் இறங்க வேண்டியவர்கள்கூடக் கண்டக்டரிடம் சொல்லாமல் தகரத்தைத் தட்டுவார்கள். நிறுத்துகிற கட்டைக்குத் தனிப் பெயரே கிடையாது, எல்லாமே திருக்கட்டைதான். ஆகவே கமிட்டி உட்கார்ந்து யோசித்து, மங்களமான சொற்களாகப் பொறுக்கி எடுத்து, நிறுத்தும் கட்டை, திருப்பும் கட்டை, தள்ளிவிடும் தடி, சறுக்காமல் தாங்கும் ஆப்பு என்று எல்லாவற்றிலும் சந்தனம் பூசி, அழகான கையெழுத்தில் ஒரே வாசகத்தை எழுதிக் கட்டியது: 'தேர் நல்லபடியாக நிலை சேர உதவுவது.'

அந்தப் பங்குனியில் தேர் கிழக்குத் தெருவை எப்படியோ கடந்தது. தெற்குத் தெரு இறக்கத்தில் வேகம் எடுத்தது. உடையப்பன் துண்டை உயர்த்தினான். துண்டு கைகளுக்குத் தெரியாது. கைகள் எதைத் தடவினாலும் நல்லபடியாக என்று இருந்தது, ஆகவே எது பக்கத்தில் இருந்ததோ அதை எடுத்து நல்லபடியாகப் போட்டன. அது திருப்பும் கட்டை. தேர் திரும்பி, சாமியும் குடையும் மேளமுமாகச் சண்முகவேல் அண்ணாச்சியின் டீக்கடைக்குள் போய் நின்றது. உடையப்பன் பக்கவாட்டில் பாய்ந்தான். அவன் காலில் இருந்த வெள்ளித் தண்டை சக்கரத்தடியில் தகடாகப் போனது, கால் தப்பியது. டீக்கடை அண்ணாச்சி மட்டும் வெகுநாள் வரைக்கும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எல்லாரும் சாமியைப் பாக்கப் போவாக. சாமி என் கடைக்கு டீ குடிக்க வந்துச்சு."

மற்றவர்கள் சிரிக்கவில்லை. கைகளுக்குக் கூறு இல்லை, அடுத்த வருஷம் உடையப்பனே கட்டையைப் போடட்டும் என்று ஊர் சொன்னது. உடையப்பனும் சொன்னான். அவனுக்கு அது மானப் பிரச்சினையாகப் போயிற்று.

"அக்கா, இது எங்க வேலை. அந்தக் கைக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. உனக்குத் தெரியும்ல? எனக்குச் சொல்லு."

கடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நான்கு கட்டைகளையும் பரப்பிவைத்துக்கொண்டு அவள் அவனை உட்கார வைத்தாள். கைகள் இரண்டும் பக்கத்தில் கவிழ்ந்து படுத்திருந்தன. நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்தக் கட்டையை எப்பப் போடுவ?"

"போட வேண்டிய நேரத்துல."

"எலேய், அதைத்தான் கேக்கேன். அது எந்த நேரம்?"

"கைக்குத் தானா வரும்க்கா."

"உன் கைக்கு வரும். அந்தக் கைக்கு வராது. நேரத்தைச் சொல்லு."

அவன் கட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பிறகு, தேர் வேகம் எடுக்கும்போது என்றான். வேகம் எடுப்பது உனக்கு எப்படித் தெரியும் என்றாள் அவள். கண்ணால் என்றான். அதற்குக் கண் இல்லை என்றாள். சத்தத்தால் என்றான். காதும் இல்லை. ஒரு சமயம் அவன் கோபித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டான். எங்கள் கடை சைக்கிளையே எடுத்துக்கொண்டு போனான், அதில் காற்று இறங்கியிருந்ததால் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். வந்தவன் அதுவரை தன் குடும்பத்தில் யாரும் வாய் திறந்து சொல்லாததைச் சொன்னான்: இறக்கத்தில் தேர் இழுக்கிறவர்களைவிட வேகமாக வரும், அப்போது வடம் தொய்ந்துபோகும், அவனுடைய அப்பா நடக்கும்போதே கால் பெருவிரலால் வடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நடப்பார்.

மங்கை எழுந்து நின்றுவிட்டாள். "தொட்டா தெரியும்லா! இதை ஏண்டா இத்தனை நாள் சொல்லல?"

"நீ கேக்கலயே."

முதலில் அவள் எல்லாவற்றையும் எழுதினாள். கட்டை எந்த மரம், யார் செய்தது, தாத்தா எப்படிப் போனார், அப்பா எப்படிப் போனார், தெற்குத் தெருவின் இறக்கம் எங்கே தொடங்குகிறது என்று கட்டை கொள்ளாமல் எழுதினாள். மலைக்கோயில் சரிவில் நெல்மூட்டை ஏற்றிய மாட்டுவண்டியை விட்டுப் பார்த்தோம். கைகள் முதல் வரியிலிருந்து பொறுமையாகத் தடவிக்கொண்டு, தாத்தா போன இடத்துக்கு வருவதற்குள் வண்டி குளத்துக்குள் போய்விட்டது. மூட்டைகளை நானும் உடையப்பனும் நனைந்தபடி மேலே ஏற்றினோம். "தாத்தா கதையை நான் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கிடுதேன்" என்று சொல்லி அவள் பாதியை அழித்தாள்.

அடுத்த தடவை மிகச் சுருக்கமாக, 'ஆபத்து வந்தால் போடு' என்று எழுதினாள். கைகள் அசையவே இல்லை. ஆபத்து என்பது அவற்றின் விரல் நுனியில் படுகிற பொருள் அல்ல. அதன்பின் ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் போட்டு வண்டி குடைசாய்ந்தது. ஒவ்வொரு முறையும் சரிவுக்குக் கீழே நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கைகளைத் திட்டினார்கள். அவள் ஒரு முறைகூடத் திட்டவில்லை. சரிவின் நடுவில் குந்தி உட்கார்ந்து, கை எந்த எழுத்தைத் தடவிவிட்டு எந்தப் பக்கம் போயிற்று என்று விரலோடு விரலாகப் பின்னாலேயே போய்ப் பார்ப்பாள். "கை சரியாத்தான் செஞ்சுது. எழுத்துலதான் ஓட்டை" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எழுதுவாள். இரண்டு கட்டைகள் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று தெரிந்தபோது ஒன்றை அடுப்புக்குப் போட்டுவிட்டாள். இரண்டு இருந்தால்தானே எதை எடுப்பது என்று திகைப்பு வரும் என்றாள். கடைசியில் சரிவின் எந்த இடத்தில் வண்டியை விட்டாலும் அது தாய்மடியில் பிள்ளை நிற்பதுபோல நின்றது. நிறுத்தும் கட்டைக்கு அவள் எழுதி முடித்தது இவ்வளவுதான்:

'இது தேரை நிறுத்தும். வடம் தொய்ந்தால் போடு. இரண்டு முன்சக்கரத்துக்கும் ஒரே நேரத்தில் போடு. ஒன்றுக்கு மட்டும் போடாதே, தேர் சாயும். திருப்புவதற்கு இது அல்ல.'

உடையப்பன் அதை இரண்டு தடவை படித்தான். "எங்க பரம்பரை வேலை இவ்வளவுதானாக்கா?" என்றான்.

"இவ்வளவையும் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரலையே" என்றாள் அவள்.

சபாநாயகம் ஐயா அந்த வாசகத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். நிறுத்தும், சாயும், போடாதே, சாமியின் கட்டையில். "முடியாதும்மா. உன் தம்பி உசிரு எனக்கும் பெருசுதான். ஆனா நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, இவரு எழுதவிட்டதாலதான் ஆச்சுன்னு ஊரு என்னைத்தான் சொல்லும்" என்றார். அது நியாயம்தான். மங்கை வாதாடாமல் திரும்பிவிட்டாள் என்று நான் நினைத்தேன். அவள் போனது அவர் வீட்டு அடுக்களைக்கு. அவருடைய மனைவி மரகதம்மாளும் அவளும் கொஞ்ச நேரம் சிரிக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் அம்மாள் தமக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டார். ஐயா தாமே காப்பி போட அடுக்களைக்குள் போனார். எல்லா டப்பாவும் ஒரே மாதிரி மூடிப் பித்தளை டப்பா. எல்லாவற்றிலும் கமிட்டியின் அட்டைகளைப் போலவே சந்தனம் பூசி, 'காப்பி நல்லபடியாக அமைய உதவுவது' என்று எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. கமிட்டிக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்தே போட்டார். குடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உப்பும் கொஞ்சம் சீரகமும்.

"மரகதம்!" என்று அவர் கத்தினார். "எதுல எது இருக்குன்னு எழுதி வைக்கமாட்டியா?"

உள்ளேயிருந்து அம்மாளின் குரல் வந்தது: "நல்லபடியாத்தானே எழுதியிருக்கு?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது, ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, மங்கையைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வந்து நின்றாள்.

"கண்ணு இல்லாத கைதானே படிக்கப்போகுது?"

"ஆமா ஐயா. தடவித்தான்."

"அப்படின்னா கட்டைக்கு அடியில எழுது. தரையைப் பாத்த பக்கம். கைக்கும் ஆச்சு, சாமி கண்ணுலயும் படாது."

ஆசாரியை வைத்து அவள் சொல்லச் சொல்லக் கட்டைகளின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தையும் புடைப்பாகச் செதுக்கினார்கள். மேல்பக்கத்தில் வழக்கம்போலச் சந்தனமும் குங்குமமும். ஊருக்குத் திருப்தி. சாமிக்கும் திருப்தி என்றே வைத்துக்கொண்டோம்.

அடுத்த பங்குனி வெயில் கொடியது. தார் இளகி, வடம் பிடித்தவர்களின் காலடி எல்லாம் தெருவில் பதிந்தது. தேரின் இரண்டு பக்கமும் கட்டைகள் அடுக்கிய தள்ளுவண்டிகள், வண்டிக்கு ஒரு கையாக இரண்டு கைகள். வடத்தில் கட்டிய சணல் கயிற்றின் நுனியை ஆளுக்கொரு விரலில் சுற்றியிருந்தன. உடையப்பன் பரிவட்டம் கட்டி, சிவப்புத் துண்டோடு பின்பக்கமாக நடந்தான். கிழக்குத் தெரு மூலையில் கயிறு ஒரு பக்கமாக இழுபட்டதும் கைகள் திருப்பும் கட்டையைத் தடவி எடுத்துப் போட்டபோது தேர் கல்யாணப் பெண் திரும்புகிறதுபோலத் திரும்பியது. கூட்டம் குலவையிட்டது. மங்கை குலவையிடவில்லை. அவள் அதே எதிர்த்த வீட்டு மாடியில், அப்பா போனபோது நின்ற அதே இடத்தில், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

தெற்குத் தெருவில் இறக்கம் தொடங்கியதும் தேர் உறுமியது. வடம் பிடித்தவர்கள் ஓடத் தொடங்கினார்கள், ஓடியும் போதவில்லை, பனைமரம் கனத்த வடம் தொய்ந்து, பாம்பு நெளிவதுபோலத் தெருவில் வளையம் வளையமாகக் கிடந்தது. பின்பக்கமாக நடந்தவனுக்கு அது தெரியாது. ஒரு வளையம் உடையப்பனின் கணுக்காலைச் சுற்றியது. அவன் மல்லாந்து விழுந்தான். எழுந்தான், மறுபடி விழுந்தான். சக்கரம் அவனைவிடப் பெரியதாக வந்துகொண்டிருந்தது. அத்தனை ஆயிரம் பேருக்கும் சொல்ல வேண்டிய சொல் தெரியும், அத்தனை பேர் வாயும் திறந்திருந்தது, ஒருவர் வாயிலிருந்தும் அது வரவில்லை, பழக்கம் அப்படி. மங்கை மாடியிலிருந்து கத்தினாள்.

"நிறுத்து!"

கைகளுக்குக் காது இல்லை. அவள் அதைக் கத்தியபோது அவை ஏற்கெனவே கட்டையைத் தூக்கியிருந்தன. சணல் கயிறு தளர்ந்த அந்தக் கணத்திலேயே, இடது கை இடப்பக்கமும் வலது கை வலப்பக்கமுமாக, நடுவில் ஓர் உடம்பு இருந்து தடுக்காத காரணத்தால் ஒரே நேரத்தில், இரண்டு சக்கரத்துக்கும் ஒன்றுபோலப் போட்டுவிட்டு ஒதுங்கின. தேர் முன்னால் குனிந்தது. கலசம் வானத்தில் ஒரு வளைவு போட்டது. பிறகு நிமிர்ந்து நின்றது. சக்கரத்தின் மரம் உடையப்பனின் சட்டையில்லாத தோளைத் தொட்டுக்கொண்டு நின்றது, தொட்டது, அழுத்தவில்லை.

அவன் வளையத்திலிருந்து காலை உருவிக்கொண்டு எழுந்தான். முதலில் சக்கரத்தைக் கும்பிட்டான். பிறகு தள்ளுவண்டிக்குப் போய், என்ன செய்வது என்று தெரியாமல் வலது கையைப் பிடித்துக் குலுக்கினான். கைகளுக்கும் அது எழுதியிராத வேலை. ஆனாலும் விரல்கள் மெல்ல மடங்கி அவன் கையைப் பிடித்தன.

நெம்புகோல் போட்டுத் தேரை நகர்த்திக் கட்டைகளை எடுத்தபோதுதான் பார்த்தோம். தேரின் முழுக் கனமும் இறங்கியதில், அடியில் செதுக்கிய எழுத்துகள் இளகிய தாரில் அப்படியே பதிந்திருந்தன. 'இது தேரை நிறுத்தும்.' கண்ணாடியில் தெரிவதுபோல வலமிருந்து இடமாக. சாமி கண்ணில் படக்கூடாது என்று மறைத்துவைத்த சொல், சாமி போகிற தெருவில், சாமிக்கு நேர் எதிரே. எல்லோரும் சபாநாயகம் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. "சாமியே கையெழுத்துப் போட்டுட்டார். இனிமே நாம யாரு மறைக்க?" என்றார்.

தேர் நிலை சேர்ந்து, கொடி இறங்கிய மறுநாள் கைகள் பஸ் நிலையத்துக்கு நடந்தன. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, வந்தபோதும் கேட்கவில்லையே. மங்கை மட்டும் ஓடிப்போய் வலது மணிக்கட்டில் ஓர் அட்டையைக் கட்டினாள், அடுத்த ஊர்க்காரர்களுக்காக: 'இவை எழுதியதைச் செய்யும். எழுதாததை இவை அறியா. கைகளைத் திட்டுமுன் எழுத்தைப் பாருங்கள்.' இந்தத் தடவை கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார். மரியாதைக்காக.

பேரூராட்சி அந்தத் தெருவுக்குப் பல தடவை புதுத் தார் போட்டுவிட்டது. கோடை வந்தால் எழுத்துகள் மேலே வந்துவிடுகின்றன. தார் போடுகிறவர்கள் இப்போது அந்த இடத்தில் பக்குவமாக ஒதுங்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். சென்னையில் வேலை பார்க்கிற என் மகள் இளவேனில் போன மாதம் போனில் பேசினாள். சொன்னதைத் தானாகச் செய்கிற கம்ப்யூட்டர் ஏஜென்ட்டுகளுக்கு, எந்தக் கருவி எதற்கு, எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது என்று விளக்கம் எழுதுவதுதான் அவளுடைய வேலை. "அப்பா, அது தப்பான கருவியையே எடுக்குது, எல்லாரும் அதைத் திட்டுறாங்க" என்றாள். நான் தெற்குத் தெருவுக்குப் போய், அந்த எழுத்துகளை ஒரு படம் எடுத்து அனுப்பினேன். அவள் அதைத் திருப்பிப் படித்துவிட்டு, "அம்மா ஒரு சொல்லுகூட வீணாக்கலப்பா" என்று எழுதியிருந்தாள்.

மங்கை உயிரோடு இருந்தவரை அந்த இடத்தை ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை. தாண்டும்போது தலை மட்டும் கொஞ்சம் நிமிரும். அவள் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. இந்தப் பங்குனியிலும் உடையப்பன்தான் தேருக்கு முன்னால் நடந்தான், தலை முழுக்க நரைத்து, பேரன்களுக்கு வழிவிடாமல். தெற்குத் தெரு இறக்கத்தில் வடம் தொய்ந்ததும் அவன் துண்டை உயர்த்தினான். ஒரு காலத்தில் யார் வாயிலும் வராத அந்தச் சொல்லை, பெண்களும் பிள்ளைகளும் மேளக்காரர்களும் குருக்களுமாக ஊர் முழுக்க ஒரே குரலில் சொன்னது. இப்போது அதுதான் எங்கள் ஊர் வழக்கம். கைகள் போனபின் கட்டைக்கு நிற்கிற ஊர்க்காரர்கள் இரண்டு பக்கமும் தயாராக நின்றார்கள். வழக்கம்போல அவர்களுக்கு வேலை இருக்கவில்லை. கட்டை விழுமுன்னே சக்கரங்கள் இரண்டும் ஒன்றுபோல அடங்கின.

உடையப்பன் குனிந்து காலடியைப் பார்த்தான். பிறகு மாடியில் நின்ற என்னைத் தேடிப் பிடித்து, இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக்கொண்டு, அத்தனை கூட்டத்துக்கும் மேலாகக் கத்தினான்.

"அத்தான்! அக்கா எழுதின இடத்துலயே நிக்கு!"